கருணைத் தீவில் காந்திமதிநாதன்

பால் மறுபடியும் பொங்கி அடுப்பை அணைத்தது.

காந்திமதிநாதன் கரண்டியும் கையுமாக நின்று அதைப் பார்த்தார். நகராட்சியில் உணவு ஆய்வாளராக இருந்த காலத்தில், பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் அவர் லாக்டோமீட்டரை முக்காத பால்கேன் கிடையாது. அவருடைய சைக்கிள் தெருமுனையில் தெரிந்தாலே பால்காரர்கள் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பாலைக் காய்ச்சத் தெரியவில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. வீட்டில் ராஜராஜேஸ்வரி இருந்தாள்.

இப்போது அவள் இல்லை. "ஏதோ தியான முகாமாம். வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறியவள், அந்த ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாலம்மாளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள்.

பாலம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சேதி சொன்னாள். "அங்கன நல்லா இருக்காம் அண்ணாச்சி. இன்னுங் கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டு வாறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாவ."

"அப்படி என்னத்த இருந்து பாக்காளாம்?"

"அது தெரியலை. ஆனா அங்க பால், தயிரு, நெய்யி ஒண்ணும் கிடையாதாம். மாட்டுக்குப் பாவமாம்."

"மாட்டுக்கா?"

"ஆமா. தேனும் கிடையாதாம். தேனீக்குப் பாவமாம்."

"அப்ப மனுசனுக்கு?"

பாலம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

காந்திமதிநாதனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாரோ வசியம் பண்ணியிருக்கிறார்கள். இல்லையென்றால் அவள் எதற்குப் போகிறாள்? ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அவளுக்குச் செய்த ஒத்தாசை கொஞ்சநஞ்சமா? அவள் அடுப்பங்கரைக்குள் நுழையும் முன்பே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவள் கரைத்த புளித்தண்ணீரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து, "இப்ப இறக்கு" என்பார். அவள் கோயிலுக்குப் போனால் கூடவே போய், பிரசாதத்தை முதலில் மோந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார். ஒரு புருஷன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

"போய்க் கையோட கூட்டிட்டு வந்துருதேன்," என்று மதிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஓட்டலில் பிளாஸ்க் நிறையக் காப்பி வாங்கிக்கொண்டு அவரும் பஸ் ஏறினார்.

ஆனி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்குப் போனார். தாமிரபரணி இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில், தென்னையும் மூங்கிலும் மண்டிய ஒரு மேடு இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது நாணல்திட்டு. சித்திரையில் வெள்ளாடுகள் நடந்தே போய் மேய்ந்துவிட்டு வரும். கரையில் நட்டிருந்த பலகையிலோ 'கருணைத் தீவு' என்று எழுதியிருந்தது. கார் நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறந்திருந்ததால், அந்தச் சமயம் அது தீவாகத்தான் இருந்தது.

தோணிக்காரர் கருத்தையா பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"டவுன்ல இருந்து வந்த ராஜராஜேஸ்வரின்னு ஒரு அம்மா, அங்கன இருக்காளா?" என்று கேட்டார் காந்திமதிநாதன்.

"ஆச்சியா? சௌக்கியமா இருக்காவ. நீங்க அவுக வீட்டுக்காரரா?" கருத்தையா அவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். "வாங்க, வாங்க. நீங்க எப்படியும் வந்துருவியன்னு ஆச்சி சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ."

காந்திமதிநாதனுக்கு நெஞ்சு லேசாக இளகியது. வசியத்துக்கு நடுவிலும் அவள் தன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"இதை யாருவே நடத்துதது?"

"எந்திரி சாமி."

"அது என்ன பேரு?"

"டென்மார்க்குக்காரர். ஹென்ரிக்னு பேரு. நமக்கு வாயில நுழையலை. விடியுமுன்ன எல்லாரையும் எழுப்பி விட்டுருவாரு. அதான் எந்திரி சாமி."

தீவின் வாசலில் ஒரு ஓலைக் கொட்டகை. உள்ளே கிரேஸ் என்ற நடுவயதுப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பது, அவள் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது.

"சைவமா, அசைவமா சார்?" என்று கேட்டாள்.

காந்திமதிநாதன் சிரித்தார். "நாங்க பரம்பரைச் சைவம்மா. முட்டை போட்ட கேக்கு விக்கிற கடை இருந்தா, நான் எதிர்ச் சாரியிலதான் நடப்பேன்."

"பால் குடிப்பீங்களா?"

"பின்ன?"

"தயிர், நெய்?"

"தினம்."

"அப்ப நீங்க அசைவம்தான் சார்," என்றாள் கிரேஸ், ஜுரம் நூற்றிரண்டு என்று சொல்வதைப் போல.

அவருடைய வம்சத்தில் இந்தச் சொல்லை யாரும் நேருக்கு நேராகக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவள் பிளாஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இடுப்பு பெல்ட்டும் செருப்பும் தோல் என்று அவையும் உள்ளே போயின. வேட்டிக்குக் கட்டிக்கொள்ள ஒரு தேங்காய் நார்க் கயிறு கொடுத்தாள். கடைசியாகத் திருநீற்றுப் பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பசுஞ்சாணம்தானே சார்?"

"அதுல கை வச்சீயன்னா நடக்கது வேற!"

இந்தச் சத்தத்துக்கு ஒரு நெட்டையான வெள்ளைக்காரர் வெளியே வந்தார். கதர் வேட்டி, வெண்தாடி. தமிழை அவர் புத்தகத்திலிருந்து படித்திருந்தார். படித்தது எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

"வருக ஐயா. தங்கள் வரவால் இத்தீவு மகிழ்கிறது. இதுகாறும் தாங்கள் அருந்திய பால் எவருடையது?"

"பக்கத்துத் தெருக் கோனார் வீட்டு மாட்டோடது."

"மாட்டினுடையது அன்று. அது கன்றினுடையது." பிறகு திருநீற்றுப் பையைக் கையில் வாங்கினார். "சாணம் பசு தானாகத் துறந்தது. துறந்ததை நாம் ஏற்கலாம். குற்றமில்லை."

காந்திமதிநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாக அனுமதி பெற்றுத் திருநீறு பூசிக்கொண்டார்.

ராஜராஜேஸ்வரி ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நார்க் கயிறு கட்டி வந்த புருஷனைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியளா," என்றாள்.

"கெளம்பு."

"ஒரு ரெண்டு நாள் இருந்துதான் பாருங்களேன்."

"எனக்கு என்னட்டி தலையெழுத்து? ஊரு சிரிக்குது. வீட்டுல பாலு பொங்கிப் பொங்கி அடுப்பு துருப்பிடிச்சுப் போச்சு."

அவள் கிரேஸைக் கூப்பிட்டாள். "கிரேஸு, அவுகளுக்கு ஆத்துப் பக்கம் ரூம்பு வேண்டாம். சளி பிடிச்சுக்கிடும். அந்தக் கிழக்க பாத்த ரூம்பைக் குடுங்க. காத்தும் வரும், வெளிச்சமும் வரும்."

சண்டை போட வந்தவர் அதோடு அடங்கிப் போனார். பெண்களுக்குத் தனிக் குடில், ஆண்களுக்குத் தனிக் குடில் என்றாலும், தன் சளியை அவள் மறக்கவில்லை. இன்னும் நம்பிக்கை இருக்கிறது. நாலு பேர் முன்னால் அவளை இழுத்துக்கொண்டு போவது மரியாதையில்லை. உபாயத்தால்தான் மீட்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் சாம்பாரைக் குறை சொல்ல முடியவில்லை. அது அவருக்கு வருத்தமாக இருந்தது. பிறகு தேங்காய்ப்பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து, மோர் என்று ஊற்றினார்கள்.

"மோரில்லாததை மோருன்னு சொல்லி விக்கது சட்டப்படி குத்தம்," என்றார் காந்திமதிநாதன்.

"நாங்க விக்கலையே சார். சும்மாதானே ஊத்துதோம்," என்றாள் கிரேஸ்.

சாயங்காலம் நிலக்கடலைப் பாலில் போட்ட காப்பி வந்தது. கடலைமிட்டாயைக் கழுவிய தண்ணீர் போல இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, அவர் முடிவுக்கு வந்தார். விதியை மீறினால் வெளியே அனுப்புவார்கள். புருஷனை அனுப்பிவிட்டுப் பெண்டாட்டியை மட்டும் வைத்துக்கொள்ள எந்த ஆசிரமத்துக்கும் துணிச்சல் வராது.

அங்கே சூரியன் உதிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. மறுநாள் விடியலில் எல்லோரும் மணலில் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காந்திமதிநாதன் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஏட்டி ராஜி! எனக்குக் காப்பி வேணும்!"

மூங்கிலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. எந்திரி சாமி கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் நீர் நின்றது. கையை ஆட்டி மௌனத்தை முடித்துவைத்தார்.

"ஐயா நெடுங்காலம் அடக்கிவைத்த ஏக்கம் இன்று உடைந்தது. ஆசையை மறைப்பவர் பலர். அதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவரை யான் கண்டதில்லை."

பக்கத்தில் இருந்த, ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார் விசும்பி அழுதார். "எனக்கும் வேணும் சார்," என்று காந்திமதிநாதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள். காந்திமதிநாதனை அவருடைய கல்யாணத்தில்கூட இத்தனை பேர் தொட்டதில்லை.

வாயால் ஆகாதது பொருளால் ஆகும் என்று, அன்றைக்குக் கருத்தையாவைத் தனியாகப் பிடித்தார்.

"ஒரு தூக்குவாளியில பாலு கொண்டுவாரும் வே. காய்ச்சினதா இருக்கட்டும்."

"சாமிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு அண்ணாச்சி."

"தெரியட்டும்னுதான் கேக்கேன்."

சாயங்காலம் பால் வந்தது. எல்லோரும் நடமாடுகிற பாதை ஓரமாக, மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டார். அங்கே தாயில்லாத கன்றுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்துவந்தார்கள். யாராவது வந்ததும் மடக்மடக்கென்று குடிக்க வேண்டும் என்பது திட்டம். எந்திரி சாமியே வருவது தெரிந்தது. காந்திமதிநாதன் மூடியைத் திறந்தார். வாசனை மூக்கில் ஏறியது. ஒரு கணம் சொக்கிப்போய்க் கண்ணை மூடினார். அந்த ஒரு கணத்தில் கன்று கழுத்தை நீட்டி, தூக்குவாளிக்குள் முகத்தை முழுசாக நுழைத்துவிட்டது.

"ஏய்! ச்சீ! எடு!" என்று அவர் வாளியை இழுத்தார். கன்று விடவில்லை. எந்திரி சாமி அருகில் வந்தபோது, காந்திமதிநாதன் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருக்க, கன்று கடைசிச் சொட்டையும் நக்கிக்கொண்டிருந்தது.

எந்திரி சாமி அந்த இடத்திலேயே மண்டியிட்டார்.

"கன்றின் பங்கைக் கன்றுக்கே திருப்பித் தந்தீர்கள்! யாங்கள் பாலை உண்ணாமல் இருந்தோம். உரியவரிடம் சேர்க்க எமக்குத் தோன்றவில்லையே!"

செய்தி தீவு முழுக்கப் பரவியது. இரவுச் சாப்பாட்டின்போது ராஜராஜேஸ்வரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கன்னுக்குட்டிக்குப் பால் குடுத்தியளாமே?"

"ம்."

"நல்ல காரியம். ராத்திரி தூக்கம் வருதா? கொசு கடிக்கா?"

"கொசு இல்ல."

"கக்கூஸு பக்கமா இருக்குல்ல? இருட்டுல தடுமாற வேண்டியதில்லையே?"

"இல்ல." இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு இவள் எப்படி இங்கே வந்து மாட்டிக்கொண்டாள்?

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. காந்திமதிநாதன் ஐயா பேச வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். இதுதான் சமயம். பாலின் அருமையைப் பற்றிப் பேசியே இவர்கள் கூடாரத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று எழுந்தார். ஆனால் வாயைத் திறந்ததும், இத்தனை வருஷ உத்தியோகக் கோபம் முந்திக்கொண்டது.

"நான் பாலைச் சோதிச்சே தலை நரைச்சவன். சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பாலுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!"

சபையில் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நாம பாலுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கது பூராவும் தண்ணி. மேல வெள்ளையாத் தெரியுதே, அது மாவு. ஊத்துதவனுக்கும் தெரியும், குடிக்கவனுக்கும் தெரியும். ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்!"

தாசில்தார் நடுங்கும் குரலில் கேட்டார். "அப்ப பாலே இல்லியா சார்?"

"என் சர்வீசுல ஒரு சொட்டுப் பாத்ததில்ல!"

எந்திரி சாமி எழுந்து கைகூப்பினார். "யாம் பாலைத் துறந்தோம். ஐயாவோ பாலே இல்லை என்று கண்டவர். இனித் தீவின் சமையற்கூடம் இவர் பார்வையில் நடக்கட்டும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுநாளிலிருந்து சமையற்கூடத்தின் நடுவில் அவருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அவர் பருப்பைக் கிளறிப் பார்த்து, "இதுல கேசரிப் பருப்பு கலந்திருக்கு" என்றால், சமையல் செய்கிறவர்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார்கள். "ஐயா சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது" என்றார்கள். "இப்ப இறக்கு" என்றால் இறக்கினார்கள். கடலைக் காப்பியில் சுக்கைத் தட்டிப் போடச் சொன்னார். குடிக்கும்படியாக இருந்தது. ஒருநாள் காலையில், தன்னை யாரோ கெஞ்சிக் கூப்பிட்டு வந்தது போன்ற நினைப்பில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர், திடுக்கிட்டு எழுந்தார். வந்த வேலை என்ன?

வெளியே வந்து பார்த்தார். படித்துறையில் ராஜராஜேஸ்வரியும் கிரேஸும் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். கிரேஸ் ஏதோ சொல்ல, ராஜராஜேஸ்வரி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வாய்விட்ட சிரிப்பு. ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பை அவர் கடைசியாக எப்போது கேட்டார் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அவர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், சாயங்காலம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, உள்ளேயிருந்து சில சமயம் இப்படி ஒரு சத்தம் வரும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நின்றுவிடும்.

இவளை இங்கேயிருந்து பிடுங்கிக்கொண்டு போவது சரியா? போகாமல் தனியாகத்தான் எப்படி இருப்பது?

அன்று சாயங்காலம் அவளை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். பாதி நிஜமாகவும் பாதி உபாயமாகவும் சொன்னார்.

"உன்னைக் கெட்டி இழுத்துட்டுப் போவ எனக்கு மனசில்ல. உனக்காக நானும் இங்கனயே இருந்துருதேன். காப்பியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

ராஜராஜேஸ்வரி அவரையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"நெசமாத்தான் சொல்லுதீயளா?"

"நெல்லையப்பர் சத்தியமா."

"பிற்பாடு மாத்திப் பேச மாட்டியளே?"

"மாட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விடுவிடென்று தன் குடிலுக்குப் போனாள். காந்திமதிநாதன் தன் உபாயத்தை மெச்சிக்கொண்டார். புருஷன் இவ்வளவு இறங்கி வந்தபிறகு எந்தப் பெண் கல்லாக இருப்பாள்?

நினைத்தது போலவே ஆயிற்று. மறுநாள் காலையில் அவர் சமையற்கூடத்தில் புளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சன்னல் வழியாக ராஜராஜேஸ்வரி போவது தெரிந்தது. கையில் அவள் கொண்டுவந்த பை. தலை நிறையப் பூ. நேராகத் தோணித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வசியம் விட்டுவிட்டது! வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்!

புளியைப் போட்டுவிட்டு ஓடினார். அறைக்குள் புகுந்து, இரண்டு வேட்டியையும் திருநீற்றுப் பையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, நார்க் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி துறைக்கு வந்து சேர்ந்தார். ராஜராஜேஸ்வரி அதற்குள் தோணியில் ஏறி, அக்கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கிரேஸ் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ராஜி! நில்லு, நானும் வந்துட்டேன்!" என்று மூச்சிரைக்கக் கத்திக்கொண்டே ஒரு காலைத் தூக்கித் தோணிக்குள் வைக்கப் போனார்.

கருத்தையா துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

"நீங்க எங்க அண்ணாச்சி ஏறுதீய? ஆச்சி உங்களுக்கு எடம் தோதா இருக்கான்னு பாத்துட்டுப் போவத்தான வந்தாவ, தங்கப்போறது நீங்கல்லா!"